வலைப்பதிவுக் கட்டுரைகளை வெளியே எழுதக் கொடுப்பது: ராமநாதபுரம் கடற்கரைப் பதிவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராமேஸ்வரம் பயணம், கருவாடு வியாபாரம், கடல்பாசி, பனங்கருப்பட்டி, கீழக்கரைச் சமையல் என்று தமிழில் தளம் நடத்துபவர்களுக்கானது இந்தப் பக்கம். தனி ஆளாக எழுதினால் மாதத்துக்கு நாலைந்து கட்டுரைதான் தேறும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஆள் வைக்க வேண்டும். அங்கே எழும் கேள்விகள் இவை.

எப்போது ஆள் வைக்கலாம்?

நீங்களே இருபது, இருபத்தைந்து கட்டுரை எழுதி முடிக்கும் முன் வேண்டாம். எந்த மாதிரிக் கட்டுரைக்கு உங்கள் தளத்தில் ஆள் வருகிறது என்பது அதற்குள்தான் தெரியவரும். தெரியாமல் ஆள் வைத்தால், அவர் எழுதுவது சரியா தவறா என்று சொல்லவே உங்களிடம் அளவுகோல் இருக்காது.

எந்தத் தேடலில் உங்கள் தளம் வருகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலைத் திறந்து கடந்த மூன்று மாதத் தேடல் சொற்களைப் பாருங்கள். தேடலில் உங்கள் தளம் பல முறை தென்பட்டும் யாரும் சொடுக்காத கேள்விகள் இருக்கும். பெரும்பாலும் அவற்றுக்கு உங்களிடம் தனிக் கட்டுரை இருக்காது, வேறொரு கட்டுரையில் ஒரு வரிதான் இருக்கும். அப்படிப் பத்துக் கேள்வி சேர்ந்தால் வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

கையில் இரண்டு மாதக் கூலி இருக்கிறதா என்றும் பாருங்கள். தளத்தில் விளம்பரம் போடுவதற்குக் கூகுள் தரும் ஆட்சென்ஸ் பணம் அடுத்த மாதம் 21 முதல் 26 தேதிக்குள்தான் வரும், அதுவும் கணக்கில் 100 டாலர் சேர்ந்திருந்தால். ஜனவரி வரவு பிப்ரவரி கடைசியில்தான் கைக்கு வரும். எழுதியவர் அதுவரை காத்திருக்க மாட்டார், காத்திருக்கச் சொல்வதும் நியாயமில்லை.

கட்டுப்படியாகுமா?

விளம்பர வரவை மட்டும் நம்பினால் பெரும்பாலும் ஆகாது. ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம், தொகைகளை உங்கள் கணக்கிலிருந்து மாற்றிக்கொள்ளுங்கள். எழுதுபவருக்கு 1,000 ரூபாய், தகவல் சொன்னவருக்கு 200, நீங்கள் சரிபார்க்கும் ஒன்றரை மணி நேரத்துக்கு 300. ஆக, கட்டுரையின் அசல் 1,500 ரூபாய். ஆயிரம் பார்வைக்கு 50 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொண்டால் அசல் திரும்ப 30,000 பார்வை வேண்டும். மாதம் 600 பேர் படிக்கும் கட்டுரைக்கு அது 50 மாதம், நாலு வருஷத்துக்கும் மேல்.

அதே 1,500 ரூபாயை, உங்களிடமோ உங்களுக்கு விளம்பரம் தரும் கடையிடமோ வாங்கும் ஆளைக் கொண்டுவரும் கட்டுரையில் போடுங்கள். நெத்திலிக் கருவாட்டில் மணல் இல்லாமல் பார்த்து வாங்குவது எப்படி என்ற கட்டுரை மாதம் ஐந்து ஆர்டர் கொண்டுவந்து, ஆர்டருக்கு 60 ரூபாய் நின்றால் மாதம் 300. ஐந்தே மாதத்தில் அசல் வந்துவிடும். அதனால் முதலில் எழுதக் கொடுக்க வேண்டியவை விற்பனையை ஒட்டிய கட்டுரைகள். “ராமேஸ்வரம் வரலாறு” மாதிரி எல்லாத் தளத்திலும் கிடக்கும் கட்டுரைக்குக் கூலி கொடுப்பது வீண்.

எந்த வேலையைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது?

ஒரு கட்டுரையில் நாலு வேலை இருக்கிறது: தலைப்பு எடுப்பது, தகவல் திரட்டுவது, எழுதுவது, சரிபார்ப்பது. நடுவில் இருக்கும் இரண்டையும் கொடுக்கலாம். முதலும் கடைசியும் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். கூட்டம் தாங்காத அமாவாசை நாளில் ஒரு குடும்பம் உங்கள் கட்டுரையை நம்பி வந்து ஏமாந்தால், அவர்கள் திட்டுவது உங்கள் தளத்தின் பெயரைச் சொல்லித்தான்.

யாரைத் தேடுவது?

நன்றாக எழுதத் தெரிந்து ஊர் தெரியாதவர் கிடைப்பார். ஊர் அத்துப்படி, எழுத வராதவரும் கிடைப்பார். இரண்டும் சேர்ந்த ஆளைத் தேடி ஆறு மாதத்தை ஓட்டாதீர்கள், இரண்டு பேரையும் சேர்த்துவிடுங்கள். பாம்பனில் வலை பின்னுபவர், மண்டபத்தில் பாசி எடுக்கும் அக்கா, கோவில் வாசலில் நிற்கும் வழிகாட்டி, யாரிடமும் நாலு கேள்வியை வாட்ஸ்அப்பில் கேட்டால் பேசி அனுப்பிவிடுவார்கள். இருபது நிமிடக் குரல் பதிவில் ஒரு கட்டுரைக்குத் தேவையானதற்கு மேலேயே இருக்கும். அதைக் கேட்டு எழுத ஓய்வு பெற்ற தமிழாசிரியரோ, கல்லூரி மாணவியோ, வீட்டிலிருந்து தட்டச்சு வேலை செய்பவரோ போதும். பேசியவருக்கும் பணம் உண்டு. “சும்மா பேசினதுதானே” என்று விட்டால் அடுத்த முறை போனை எடுக்க மாட்டார்.

தேர்வுக்கு ஒரே ஒரு கேள்விக்கு 300 சொல்லில் பதில் எழுதச் சொல்லுங்கள், அதற்கும் காசு கொடுங்கள். எழுதத் தொடங்கும் முன் திரும்பி வந்து உங்களிடம் சந்தேகம் கேட்பவர் தேறுவார். ஒரு மணி நேரத்தில் மறுபேச்சில்லாமல் முழுதாக அனுப்புபவர் எங்கிருந்தோ எடுத்திருக்கிறார்.

எழுதுபவருக்கு என்ன குறிப்புத் தர வேண்டும்?

“தனுஷ்கோடி பற்றி ஒரு கட்டுரை” என்று கேட்டால் 1964 டிசம்பர் புயலில் தொடங்கி, இடிந்த தேவாலயத்தில் முடியும் ஒன்று வரும். அது ஏற்கெனவே ஊரில் நூறு இருக்கிறது. கேட்பது கேள்வியாக இருக்கட்டும்: “கைக்குழந்தையோடு சொந்தக் காரில் வரும் குடும்பம் அரிச்சல்முனை வரை போய்வர என்ன செய்ய வேண்டும்?”

அந்தக் குறிப்பில் படிப்பவர் யார், எங்கிருந்து வருகிறார் என்று இரண்டு வரி இருக்க வேண்டும். கட்டாயம் பதில் சொல்ல வேண்டிய ஆறேழு துணைக் கேள்விகளையும் எழுதுங்கள்: கார் எங்கே நிறுத்துவது, மாலையில் சோதனைச் சாவடியில் எத்தனை மணிக்கு மேல் உள்ளே விடுவதில்லை, நிழல் உண்டா, கழிப்பறை எங்கே, குடிதண்ணீர் எங்கே வாங்குவது, எந்தப் பக்கக் கடலில் இறங்கக் கூடாது. எதை நேரில் பார்க்க வேண்டும், எதைப் போனில் கேட்டால் போதும் என்று பிரித்துக் காட்டுங்கள். உங்கள் தளத்தில் ஏற்கெனவே இருக்கும் எந்த இரண்டு கட்டுரைக்கு இணைப்புத் தர வேண்டும் என்று சொல்லுங்கள். கடைசியாக, எழுத வேண்டாதவை. இந்தக் கட்டுரைக்குப் புராணம் வேண்டாம், புயல் வரலாறு வேண்டாம்.

குறிப்பு எழுத உங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அது வீண் வேலை போலத் தோன்றும். குறிப்பில்லாமல் வந்த கட்டுரையைத் திருத்த உட்கார்ந்தால் மூன்று மணி நேரம் போகும், எழுதியவரோடு மனத்தாங்கலும் மிஞ்சும்.

சொல் கணக்கில் கூலி கொடுக்கலாமா?

தமிழில் கூடவே கூடாது. “பேருந்து நிலையத்திலிருந்து கோவிலுக்குப் போகும்போது” என்பது நாலு சொல். அதையே “பேருந்து நிலையத்தில் இருந்து கோவிலுக்குச் சென்று கொண்டு இருக்கும் பொழுது” என்று எழுதினால் எட்டு. பொருள் கூடவில்லை, கூலி இரட்டிப்பாகிவிட்டது. எழுதுபவர் ஏமாற்ற நினைக்காவிட்டாலும், சொல்லுக்கு இவ்வளவு என்று தெரிந்தபின் கை தானாகப் பிரித்து எழுதும். கட்டுரைக்கு இவ்வளவு என்று பேசுங்கள். நேரில் போய் எழுத வேண்டியதற்குப் பேருந்துக் கட்டணமும் சாப்பாடும் தனி. திருத்தம் எத்தனை முறை என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், இரண்டு முறை போதும்.

அனுப்பிய கட்டுரை தளத்தில் ஒட்டியதும் கிறுக்கலாகத் தெரிகிறதே?

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருப்பார். அச்சகத்திலும் டிடிபி கடையிலும் பழகியவர்களிடம் இது சகஜம். அந்த எழுத்துருக்களில் கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான், மேலே தமிழ் வடிவம் போர்த்தியிருக்கிறது. தளத்தில் ஒட்டினால் போர்வை கழன்றுவிடும். இணையத்துக்கான பொது எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவியில் போட்டு எடுக்கலாம், ஆனால் மாற்றிய பிறகு எண்களையும், மேற்கோள் குறிகளையும், இடையில் வந்த ஆங்கிலச் சொற்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அங்கேதான் எழுத்து மாறும். தொடர்ந்து எழுதப்போகிறவர் என்றால் ஒரு வாரம் ஒதுக்கித் தமிழ்99 விசைப்பலகை முறையைப் பழகச் சொல்வது லாபம்.

இன்னொரு கோளாறு கண்ணுக்குத் தெரியாது. துணைக்கால் போட வேண்டிய இடத்தில் சிலர் ‘ர’ போடுவார்கள், ‘ஔ’ வர வேண்டிய இடத்தில் ‘ஒ’, ‘ள’ இரண்டையும் தனித்தனியாகத் தட்டுவார்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும், தேடுபொறிக்கு அது வேறு சொல். குரலில் சொல்லித் தட்டச்சு செய்தவரின் கட்டுரையில் ல, ள, ழ மூன்றும் இடம் மாறியிருக்கும், புள்ளியே இல்லாமல் ஒரு பத்தி ஒரே வாக்கியமாக ஓடும்.

கட்டுரையின் இணைய முகவரியை மட்டும் தமிழில் விடாதீர்கள். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் முகவரியில் ஒன்பது எழுத்தாக விரியும். ‘ராமேஸ்வரம்’ என்ற ஒரு சொல்லுக்கே 90 எழுத்து போய்விடும். தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ் 200 எழுத்தோடு வெட்டிவிடும். வாட்ஸ்அப்பில் பகிரும்போது அந்த நீள வாலைப் பார்த்து வைரஸ் என்று நினைத்துத் தொடாமல் விடுபவர்கள் உண்டு. முகவரியை ஆங்கில எழுத்தில் மூன்று நாலு சொல்லாக நீங்களே வையுங்கள்.

வெளியூர்க்காரர் எழுதியதில் எங்கே பிழை வரும்?

பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் வரும்.

கடலைக் குழப்புவார்கள். ராமேஸ்வரம் தீவுக்கும் மண்டபத்துக்கும் வடக்கே பாக் நீரிணைப் பக்கம், தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர் பேச்சில் வடகடல், தென்கடல். எல்லாவற்றையும் “வங்கக் கடல்” என்று எழுதி அனுப்புவார்கள். ஒரு பக்கம் குளம்போல் கிடக்கும் நாளில் மறுபக்கம் கொந்தளிக்கும் என்பதே இங்கே வருபவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி.

தடைக்காலத்தைக் குழப்புவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான். நாட்டுப்படகுகள் போய்வரும், மீனும் வரும், விலை கூடுதலாக இருக்கும். “இந்த இரண்டு மாதம் மீனே கிடைக்காது” என்று எழுதியிருந்தால் எழுதியவர் கரைக்கு வந்ததே இல்லை.

பாசியைக் குழப்புவார்கள். தீவுகளை ஒட்டி முங்கிப் பாசி எடுப்பது ஒரு தொழில். மூங்கில் மிதவை கட்டிக் கப்பாபைகஸ் என்ற பாசியை வளர்த்து, 45 நாளில் அறுவடை செய்வது வேறு தொழில். இரண்டையும் ஒன்றாக்கிய கட்டுரை இரண்டு தரப்புக்கும் உதவாது.

மிக ஆபத்தானது பழைய செய்தி. அரிச்சல்முனை வரை தார்ச்சாலை 2017-இல் வந்துவிட்டது, இன்னும் “முகுந்தராயர் சத்திரத்தில் இறங்கி ஜீப் பிடிக்க வேண்டும்” என்று எழுதி வரும். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தது. நடுவில் இரண்டு வருஷத்துக்கும் மேலாக ரயில்கள் தீவுக்குள் வரவில்லை. அந்தக் காலத்தில் யாரோ எழுதியதைப் பார்த்து “ரயில் மண்டபம் வரைதான்” என்று இன்றும் எழுதுகிறார்கள். எழுதியவரிடம் ஒவ்வொரு நேரம், கட்டணம், வழிக்கும் பக்கத்தில் “எப்போது, யாரிடம் கேட்டது” என்று குறிக்கச் சொல்லுங்கள். வெளியிடும்போது அந்தக் குறிப்பை எடுத்துவிட்டுத் தேதியை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதியதா, நகலா என்று எப்படிப் பிடிப்பது?

“ராமேஸ்வரம் ஆனது ஒரு புனித நகரம் ஆகும்”, “மறக்க முடியாத அனுபவத்தை வழங்குகிறது”, “பார்வையாளர்களை வசீகரிக்கிறது” என்று வந்தால் அது மொழிபெயர்ப்போ கருவியோ. நகல் என்று சந்தேகம் வந்தால் நடுப் பத்தியிலிருந்து ஏழெட்டுச் சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். முதல் பத்தியில் தேடிப் பயனில்லை, அதை மட்டும் மாற்றி எழுதியிருப்பார்கள். கூகுள் டாக்ஸில் எழுதச் சொன்னால் திருத்த வரலாற்றிலேயே தெரியும்: சொல் சொல்லாக வளர்ந்ததா, ஒரே நொடியில் 900 சொல் வந்து விழுந்ததா என்று. (நோட்பேடில் எழுதி ஒட்டும் நேர்மையானவர்களும் இருக்கிறார்கள். கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.)

கருவியைத் தொடவே கூடாது என்பதல்ல. குரல் பதிவை எழுத்தாக்கவும், எழுத்துப்பிழை பார்க்கவும் உதவட்டும். தகவலை அதனிடம் கேட்க விடாதீர்கள். 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பேம் விதிகளில் ஒன்றைத் தெளிவாக்கியது: தேடலில் இடம்பிடிப்பதற்காகவே பயனில்லாத பக்கங்களைக் குவிப்பது விதிமீறல், எழுதியது மனிதரானாலும் இயந்திரமானாலும். மலிவாகக் கிடைக்கிறது என்று மாதம் நூறு கட்டுரை வாங்கிப் போடுவது அந்த விதிக்குள் தலையைக் கொடுப்பது.

படங்களும் அவரே அனுப்பலாமா?

அனுப்பலாம், மூலப் படத்தோடு. தமிழகக் கோவில்களுக்குள் கைபேசி கொண்டுபோகத் தடை இருக்கிறது. ராமநாதசுவாமி கோவில் மூன்றாம் பிராகாரத்தில் தானே எடுத்தது என்று ஒரு படம் வந்தால் எப்படி எடுத்தார் என்று கேளுங்கள். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் வனத்துறை கட்டுப்பாட்டில் உள்ளவை, நினைத்தபடி இறங்க முடியாது. ட்ரோன் படமென்றால் இன்னும் கவனம். உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருக்கிறது, ட்ரோன் பறக்கும் இடங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் எந்த மண்டலம் என்று பார்க்காமல் யாரையும் பறக்கவிடச் சொல்லாதீர்கள்.

காசு கொடுத்துவிட்டால் கட்டுரை என்னுடையதுதானே?

இல்லை. பலரும் சறுக்குவது இங்கேதான். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, உங்களிடம் சம்பள வேலையில் இல்லாமல் வெளியிலிருந்து எழுதித் தருபவரே கட்டுரையின் முதல் உரிமையாளர். புகைப்படத்துக்கு நேர் எதிர்: நீங்கள் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், உங்களுடையது.

கட்டுரை உரிமையை எழுத்தில், கையெழுத்தோடு மாற்றி வாங்க வேண்டும், 19-ஆம் பிரிவு சொல்வது இது. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். இணையத்தில் வெளியிட்டுவிட்டு இந்தியாவுக்குள் மட்டும் உரிமை வைத்திருப்பது வேடிக்கை. வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அது காலாவதியாகும். பருவத்துக்காக வாங்கி வைக்கும் கட்டுரைகளில் இதைக் கவனியுங்கள்.

ஒப்பந்தம் ஒரு பக்கம் இருந்தால் போதும்: “கீழே பட்டியலிட்ட கட்டுரைகளின் பதிப்புரிமையை, பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும், கட்டுரை ஒன்றுக்கு இன்ன தொகை பெற்றுக்கொண்டு, இன்னாருக்கு மாற்றித் தருகிறேன். ஓராண்டுக்குள் வெளியிடாவிட்டாலும் இந்த உரிமை நீடிக்கும்.” தலைப்பு, தேதி, தொகை, கையெழுத்து. வாட்ஸ்அப்பில் வந்த “சரிங்க அண்ணே” கையெழுத்து ஆகாது. உரிமை மாறினாலும் எழுதியவர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57-ஆம் பிரிவுப்படி அவருக்கு உண்டு, பெயரைப் போட்டுவிடுங்கள். ஊர்க்காரர் பெயர் இருந்தால் கட்டுரைக்கும் மதிப்பு.

வருமான வரி பிடிக்க வேண்டுமா?

தனிநபராகத் தளம் நடத்துபவர், முந்தைய நிதியாண்டின் வரவு வியாபாரத்தில் 1 கோடியையோ தொழில்முறைச் சேவையில் 50 லட்சத்தையோ தாண்டாதவரை பிடிக்க வேண்டியதில்லை. நிறுவனமாகப் பதிந்திருந்தால் ஒருவருக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் தொழில்முறைக் கட்டணம் போகும்போது 10 சதவீதம் பிடிக்க வேண்டும். இரண்டிலும், கொடுத்ததை வங்கி வழியாகவோ யுபிஐயிலோ கொடுத்து, கட்டுரைத் தலைப்பைக் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

எப்போது எழுதக் கொடுத்தால் சரியான நேரத்தில் தேடலில் வரும்?

தை அமாவாசை, ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, கோடை விடுமுறை, கார்த்திகை தொடங்கித் தை வரை ஐயப்ப பக்தர்கள் வரவு. இங்கே கூட்டத்தின் ஆண்டுக் கணக்கு இதுதான். கட்டுரை வெளியாகி ஆறிலிருந்து எட்டு வாரம் தேடலில் ஊறட்டும். எழுதவும் திருத்தவும் இரண்டு வாரம். ஆக, ஆடி அமாவாசைக் கட்டுரையைச் சித்திரை கடைசியிலோ வைகாசி முதலிலோ கொடுத்துவிட வேண்டும். ஆடி பிறந்தபின் கொடுத்தால் அடுத்த ஆடிக்குத்தான் பயன்.

மீனவக் குடும்பத்தினரிடம் தகவல் கேட்பதென்றால் தடைக்காலம் நல்ல நேரம். படகு கரையில் நிற்கும், பேச அவகாசம் இருக்கும். தடை முடிந்து மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கும் ஜூன் மாத நடுவில் போன் அடித்துத் தொந்தரவு செய்யாதீர்கள்.

திருத்தம் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்களே?

“சரியில்லை, மறுபடி எழுதுங்க” என்றால் யாருக்கும் கோபம் வரும். இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள்: “அக்கா, மூணாவது பத்தியில தீர்த்தமாடினதும் நேரா சன்னதிக்குப் போகலாம்னு இருக்கு. ஈரத்துணியோட விடமாட்டாங்க, மாத்துத்துணி எங்க மாத்துறதுன்னு ரெண்டு வரி சேர்த்துடுங்க.” ஓய்வு பெற்ற ஆசிரியர்களிடம் குழுவில் போடாமல் தனியாகப் பேசுங்கள். ஒரே வகைப் பிழை நாலாவது கட்டுரையிலும் வந்தால் அவருக்கு வேறு வகைக் கட்டுரை கொடுத்துப் பார்க்கலாம். அதிலும் வந்தால் கணக்கை முடித்துவிடலாம்.

தளத்துக்குள் நுழைய அவருக்கு அனுமதி தரலாமா? போய்விட்டால் என்ன செய்வது?

வேர்ட்பிரஸில் ‘கான்ட்ரிபியூட்டர்’ என்ற நிலை போதும். எழுதலாம், வெளியிட முடியாது, படம் ஏற்ற முடியாது. படமும் ஏற்ற வேண்டுமென்றால் ‘ஆத்தர்’, ஆனால் அந்த நிலையில் அவரே வெளியிட்டுவிட முடியும். உங்கள் சொந்தக் கடவுச்சொல்லை யாருக்கும் தராதீர்கள், தம்பியே ஆனாலும்.

அவர் விலகிய பிறகு கணக்கை நீக்கும்போது, அவர் எழுதியவற்றை என்ன செய்வது என்று வேர்ட்பிரஸ் கேட்கும். அவசரத்தில் உள்ளடக்கத்தையும் நீக்கு என்பதைத் தேர்ந்தால் அவர் எழுதிய கட்டுரைகள் அத்தனையும் போய்விடும். வேறொரு பயனர் பெயருக்கு மாற்று என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதைவிட எளிது, கணக்கை நீக்காமல் ‘சப்ஸ்கிரைபர்’ நிலைக்கு இறக்கிவிட்டுக் கடவுச்சொல்லை மாற்றிவிடுவது. கட்டுரைகளில் அவர் பெயரும் அப்படியே இருக்கும்.